தலைவலிக்கு ஒரு குச்சு

எனக்குத் தலைவலி வந்தால் ஊரில் எல்லோருக்கும் வாய் வந்துவிடும். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சாலையிலிருந்து இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரியில் நடந்து வரவேண்டும். எந்த வேலையாக அந்த வழியில் போகிறவராக இருந்தாலும் சரி, நான் தலையில் துணியை இறுக்கிக் கட்டியிருப்பது கண்ணில் பட்டால் போதும். உள்ளே வந்து ஒரு வைத்தியம் சொல்லி, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத்தான் போவார். மோர் தீர்ந்ததுதான் மிச்சம்.

என்னுடையது ஒற்றைத் தலைவலி. முதலில் கண்ணுக்கு முன்னால் என்னவோ பளபளவென்று மினுங்கும். பிறகு இடது புருவத்துக்கு மேலே ஒரு இடத்தில் ஆரம்பித்து, பாதி மண்டையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, வாசனை ஆகாது. எங்கள் வீட்டில் இந்த மூன்றுக்கும் பஞ்சமே கிடையாது. விடிந்தால் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுவார்கள். மாடு முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அந்த உருளை கிறீச் கிறீச்சென்று கத்தும். அது போதாதென்று மாமியார் கொட்டைமுத்தை வறுத்து இடித்து விளக்கெண்ணெய் காய்ச்ச உட்கார்ந்துவிடுவார். அந்த வாசனையில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். "எண்ணெ மணக்குது பாரு" என்பார் அவர், பெருமையாக.

மாமியார் கல்லு மாதிரி மனுஷி. தலைவலி என்பது வேலைக்குப் பயந்தவர்கள் கண்டுபிடித்த சங்கதி என்பது அவர் கட்சி.

"பொம்பளைக்கு என்னடி மண்டையிடி? நாலு பெத்தேன், ரெண்டைப் பறி குடுத்தேன். ஒரு நாளு படுத்திருப்பனா? கேட்டுப் பாரு ஊர்ல."

ஊரில் கேட்கவே தேவையில்லை. கேட்காமலே சொல்வார்கள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் போனது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தலையில் மட்டும் நன்றாகத் தங்கிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் மாமியாருக்கு ஒரு தம்பி. தம்பிக்கு ஒரு மகள். என் கல்யாணத்தின்போது அது பாவாடை கட்டிக்கொண்டு புளியங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண். இல்லையென்றால் உரிமைப் பெண் அதுதான், நான் இந்த இட்டேரிக்குள் கால் வைத்திருக்கவே மாட்டேன். இப்போது அது வளர்ந்து நின்றது. பெண் வளர்ந்த சேதி வந்ததும் மாமியாருக்கு என் தலைவலியின் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது.

"ஆடி வரைக்கும் பாக்கறன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே. "அதுக்குள்ள இவ மண்டை சரியாவோணும், வவுறு தொறக்கோணும். இல்லாட்டி இவ அப்பன் ஊட்டுல கொண்டுபோய் உட்டுப்போட்டு, எந்தம்பி புள்ளையக் கட்டி வெச்சுப்போடுவேன்."

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்கிறீர்களா? "செரீங்கம்மா" என்றார். பருத்தி எடுக்க ஆள் சொல்லட்டுமா என்று கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். மனுஷர் கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. நல்லவராக இருப்பதற்கும் அம்மாவிடம் உத்தரவு வாங்குகிறவர்.

சேதி தெரிந்து கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து என் அப்பா வந்தார். உலகச் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா முகமெல்லாம் கரியோடு வந்து இறங்கி, சம்பந்தியம்மாளிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசி, என்னிடம் "அனுசரிச்சுப் போ சாமி" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரிபஸ்ஸில் ஏறிவிட்டார். தலைவலியை எப்படி அனுசரிப்பது என்று கேட்கலாமென்றால் பஸ் கிளம்பிவிட்டது.

ஆக, ஆடிக்குள் குணமாகவேண்டும். வீட்டில் வைத்தியம் தொடங்கியது. சுக்கை அரைத்து நெற்றி முழுக்கப் பற்றுப் போட்டார்கள். எரிச்சலில் வலி தெரியவில்லை, அதுவரைக்கும் வாஸ்தவம். தும்பைச் சாற்றை மூக்கில் பிழிந்தார்கள். தும்மித் தும்மி, இரண்டு பக்கமும் வலித்தது. வேப்பெண்ணெய்ச் செக்குக்காரர் தன் பங்குக்குத் தலையில் கோழிமுட்டையை உடைத்து ஊற்றச் சொன்னார். தாராபுரத்துப் பக்கம் ஒருத்திக்கு அதில் குணமானதாம். அவள் யார் என்று கேட்டால் தெரியாது, முட்டை மட்டும் தெரியும்.

நாமக்கல் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் ஓதிக் கொடுப்பார் என்று வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை பேரில் அவர் ஒருவர்தான் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குள் இருட்டு. துணி மூட்டைகளுக்கு நடுவில் குளுகுளுவென்று இருந்தது. உட்காரச் சொல்லி, மனசுக்குள்ளே ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வலி பாதி இறங்கிவிட்டது! வெளியே வந்து, மொட்டை வெயிலில் வண்டி ஏறினதும் அது மறுபடியும் ஏறிக்கொண்டது. ஓதினது பலிக்கவில்லை என்று மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கடைசியில் சூடு. விரலி மஞ்சளை விளக்கில் காட்டி, நுனி கனிந்ததும், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மாமியாரே என் இடது நெற்றிப்பொட்டில் வைத்தார். நான் போட்ட கூச்சலில் கவலை ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்திவிட்டான். உருளைச் சத்தம் நின்றது, அது ஒன்றுதான் லாபம். தலைவலி போகவில்லை. எந்தப் பக்கம் வலிக்கிறது என்று இனி யாரும் கேட்கவேண்டாம் என்பதுபோல ஒரு தழும்பு மட்டும் நின்றது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எனக்குத் தூரம் வந்தது. எங்கள் பக்கத்தில் தூரம் என்றால் மூன்று நாள் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. மாடு கட்டுகிற கட்டுத்தரைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரு குச்சு உண்டு. குனிந்துதான் நுழையவேண்டும். ஜன்னல் கிடையாது. மூன்று நாளும் அதற்குள்தான் வாசம். யாரும் தொடமாட்டார்கள், கிட்ட வந்து பேசமாட்டார்கள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்புப் புகை எட்டாது. விளக்கெண்ணெய் வாசம் எட்டாது. கவலைச் சத்தம் புளியமரத்துக்கு அந்தப்பக்கமே நின்றுவிடும். தீட்டு என்று ஒதுக்கி வைக்கிறார்களாம்! அன்றைக்குக் காலையில் தெறிக்கத் தெறிக்க வலித்த தலையோடு அதற்குள் போய்ப் படுத்தேன். மத்தியானச் சோறு வரும்போது தலை இறகு மாதிரி லேசாக இருந்தது.

எனக்கு அப்போதுதான் புத்தியில் உறைத்தது. ஊரே சேர்ந்து தேடின மருந்தை ஊரே சேர்ந்து கட்டி, புளியமரத்தடியில் வைத்திருக்கிறது. என்ன, தலைவலி என்று சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். தூரம் என்று சொன்னால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

அதற்கப்புறம் கண்ணுக்கு முன்னால் பளபளவென்று மினுங்க ஆரம்பித்ததும் நான் பாயைச் சுருட்டிவிடுவேன். "அத்தை, நான் தூரமுங்க." அவ்வளவுதான். மாமியார் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். அவர் எனக்கு வழிவிட்டதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. மாதத்தில் இரண்டு முறை ஆயிற்று, சில மாதம் அதுக்கும் மேலே. எது நிஜம், எது நான் சொன்னது என்பது எனக்கே குழம்பிப் போனது. ஆனால் தலை பிழைத்துக்கொண்டது. முகத்தில் கூடக் கொஞ்சம் தெளிச்சி வந்தது.

மாமியார் சும்மா இருப்பாரா? இது உதிரம் நிற்காத பெரும்பாடு என்ற வியாதி என்றார். அத்திப்பட்டைக் கஷாயம் குச்சு வாசலுக்கு வர ஆரம்பித்தது. நான் அதைப் புளியமரத்துக்கு ஊற்றினேன். அந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்தது.

ஆடி வந்தது. தம்பி மகளைக் கேட்பதற்கு முன்னால் குலசாமி கோயிலில் பூக் கேட்கவேண்டும். வெள்ளைப்பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். வராவிட்டால் வருகிற வரைக்கும் கேட்பார்கள். எங்கள் குலசாமி அவ்வளவு தங்கமான சாமி. ஆனால் வீட்டில் தூரம் இருக்கும்போது அந்தக் கோயிலுக்குப் போகக்கூடாது. அவர்கள் நாள் பார்த்தார்கள். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போகும், தலை தெறிக்கும். பாயைச் சுருட்டுவேன். வேறு நாள் பார்த்தார்கள். அன்றைக்கும் இதே கதை.

அடுத்துப் பார்த்து வைத்த நாளுக்குத் திருச்செங்கோட்டுத் தம்பி வண்டி கட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்தார்கள். எனக்கோ கோழி கூவினதிலிருந்து வலி, கூடவே வாந்தி. அந்த மனுஷரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் இங்கேயிருந்து போனால் அப்பாவின் வீட்டில் அண்ணிமார் கையைப் பார்த்துக்கொண்டு, ஒரு மூலையில், இந்தத் தலையோடு கிடந்து சாகவேண்டும். அது எனக்குத் தெரியும். "அத்தை, தூரமுங்க" என்றேன்.

மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது.

"அட கெரகமே! கூப்புடுங்கடா மருத்துவச்சிய! இவ சீக்காளின்னு அவளே வந்து எந்தம்பிகிட்டச் சொல்லட்டும்."

பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி வந்தாள். குச்சுக்குள் குனிந்து நுழைந்து, என் நாடியைப் பிடித்து, அடிவயிற்றை அமுக்கினாள். இன்னொரு முறை அமுக்கினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பு வாசலில் கட்டில் வரைக்கும் கேட்டது.

"ஏனுங்கம்மா, ஆருங்க தூரம்னு சொன்னது? மூணு மாசம் முடிஞ்சு நாலு ஓடுதுங்க. பாலுல சக்கரை போட்டுக் குடுங்க மொதல்ல!"

என்னைத் தூக்கிவாரிப்போட்டது. தலைவலி வாந்தி என்று நான் நினைத்திருந்தது மசக்கை வாந்தி! மாதத்துக்கு இரண்டு முறை தூரமாகிறவள் வயிற்றில் பிள்ளை இருக்குமென்று எந்த மாமியார் நினைப்பார், எந்த ஊர் நினைக்கும்? திருச்செங்கோட்டுத் தம்பி மோர்ச் சொம்பை மெதுவாகக் கீழே வைத்தார். "செரீங்கக்கா, மாடு வெயில்ல நிக்குது, நா வாரனுங்க" என்று எழுந்துவிட்டார். மாடு நிழலில்தான் நின்றது.

வண்டி இட்டேரியைத் தாண்டினதும் மாமியார் குச்சு வாசலில் வந்து நின்றார்.

"அப்பறம் எதுக்குடி இத்தன நாளு இதுக்குள்ள வந்து வந்து உக்காந்த?"

"தல வலிச்சுதுங்க அத்தை."

"தல வலிச்சாத் தல வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்களே. நீங்க சூடு போட்டீங்க."

அவர் என் நெற்றிப்பொட்டைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியில் என் மருந்து போய்விட்டது. பிள்ளைத்தாய்ச்சி குச்சுக்குள் போனால் காற்று கருப்பு அடிக்குமாம். அடுத்த தலைவலி வந்தபோது எங்கே போய் விழுவதென்று தெரியாமல் அடுக்களைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் வந்தார். எண்ணெய்க் கொப்பரையைத் தாமே அடுப்பிலிருந்து இறக்கினார். தானியம் போடுகிற உள்ளறையில் பாயை விரித்து, வெளிச்சம் வருகிற சந்துக்குத் தம்முடைய சேலையைத் தொங்கவிட்டு, "படு" என்றார். பேரனுக்காகத்தான், எனக்காக என்று நான் ஏமாந்துவிடவில்லை.

படுத்தேன். அவர் வெளியே வாசற்படியில் காவலுக்கு உட்கார்ந்தார். ஆரம்பித்தது கூத்து.

"ஏய், கவலைய நிறுத்துங்கடா! உள்ள புள்ளத்தாச்சி படுத்திருக்கறா! யாரது, அங்கயே நில்லு, சத்தம் போடாத! இந்தக் கோழிய ஓட்டுங்கடா அக்கட்ட! ஒருத்தரும் மூச்சு உடக்கூடாது, ஆமா!"

அன்றைக்கு ஊரில் இருந்த ஒரே சத்தம் அவர் சத்தம்தான். ஒவ்வொரு கத்தலும் தழும்புக்கு உள்ளே போய்க் குத்தியது. எத்தனை நேரம் பல்லைக் கடிப்பது?

"அத்தை" என்றேன். "நீங்க சித்த சும்மா இருங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்த வீட்டில் அவரைப் பார்த்து இப்படி யாரும் சொன்னதில்லை, என் மாமனார் இருந்த காலத்தில் அவரும் சொன்னதில்லை. வாசற்படியில் வளையல் ஒருமுறை குலுங்கியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பொழுது சாய்கிற வரைக்கும் அவர் வாயைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார், அதற்குள் என் வலி இறங்கிவிட்டது.