ஓடுகிறவளின் உடுப்பு

செல்வராஜ் கடைக்கு வந்தபோது காலை வியாபாரம் இன்னும் தொடங்கவில்லை. ராகலை பஸாரில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கு அவர் தனியாக வருவதே அபூர்வம். மனைவி மல்லிகாவுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். “ஒரு புதுச் சேல வேணும்க்கா, செவப்புல” என்றார். யாருக்கு என்று கேட்டேன். “மல்லிகாவுக்கு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவ சேல கேட்டாளா? இது என்னா புதுக் கூத்து?” என்றேன். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, “கேக்கலக்கா. போயிட்டா” என்றார்.

விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்புச் சேலையை நான்தான் எடுத்து மடித்துக் கொடுத்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கருமாதிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு மல்லிகாவைப் பற்றி எழுதித் தரும்படி தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டி கேட்டது. “நாலு நல்ல வார்த்த எழுதுங்கம்மா” என்றார் கமிட்டித் தலைவர் பெருமாள் அண்ணன். நல்ல வார்த்தைதான் எழுதப் போகிறேன். ஆனால் மல்லிகாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் கமிட்டியைப் பற்றியும் நாலு வார்த்தை வந்தே தீரும். அதை அச்சடிப்பதும் விடுவதும் அவர்கள் பாடு.

உங்களில் பலர் அவளைப் பிள்ளைக் காம்பராவில்தான் பார்த்திருப்பீர்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளை அங்கே அவள் பார்த்துக்கொண்டாள். அதற்கு முன்பு அவளும் மலையில் கொழுந்து பறித்தவள்தான். அதற்கும் முன்பு, கல்யாணமாகாத காலத்தில், கொழும்புப் பக்கம் காமன்ட் பெக்டரியில் உடுப்புத் தைத்தாள். நான் அவளை முதலில் பார்த்தது எங்கள் கடையில். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவள் உள்ளே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஓடும்போது ஆடாம நிக்கிற பாடி இருக்காங்க?” என்று கேட்டாள். எங்கள் கடைப் பையன்கள் ஏற்கனவே அளந்த துணியை மறுபடி அளக்க ஆரம்பித்தார்கள். பெண்களின் உள்ளாடையைப் பேப்பரில் சுற்றி, தலையைக் குனிந்துகொண்டு கொடுக்கும் கடை எங்களுடையது.

“மெதுவாப் பேசும்மா” என்றேன்.

“எதுக்குங்க மெதுவா? என் ஒடம்புதானே, திருடிக்கிட்டா வந்தேன்?” என்றாள்.

அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய், அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்றேன். அவள் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். “காமன்ட்ல வெள்ளக்காரிங்களுக்கு நான் தச்சதே இதத்தான். பட்டி எவ்வளவு இழுக்கணும், எந்தத் தையல் உறுத்தும், எல்லாம் கைக்குத் தெரியும். ஆனா ஒன்னுகூடப் போட்டுப் பாத்தது கெடையாது. ஒலகத்துல எவளோ ஒருத்தி நான் தச்சதப் போட்டுக்கிட்டு ஓடுறா. நான் சட்டைக்குள்ள ஒரு கைய வச்சுக்கிட்டு ஓடுறேன்” என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அடுத்த முறை கண்டிக்குச் சரக்கெடுக்கப் போனபோது இழுபடும் துணியைத் தேடி வாங்கிவந்தேன். எங்கள் உள்ளறையிலிருந்த மெஷினில் அவளே வெட்டித் தைத்தாள். போட்டுக்கொண்டு அந்த அறைக்குள்ளேயே குதித்துப் பார்ப்பாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி பிரிப்பாள். கடைசியில் தையலையெல்லாம் வெளிப்பக்கம் வருமாறு போட்டாள். பார்க்க நன்றாக இல்லையே என்றேன். “பாக்குறவங்களுக்கு அழகா இருக்க வேணாங்க்கா. போட்டிருக்கவளுக்கு உறுத்தாம இருந்தா போதும்” என்றாள். அன்றைக்குத்தான் என்னை முதன்முதலில் அக்கா என்று கூப்பிட்டாள். இரண்டாவது பாடியை எனக்குத் தைத்தாள். பஸாரில் வேகமாக நடந்தாலே ‘என்ன அவசரம்?’ என்று கேட்கிற வியாபாரக் குடும்பத்தின் மருமகள் நான். அப்படித்தான் நானும் ஓட ஆரம்பித்தேன்.

அவள் ஓடிய உடுப்பைப் பற்றி ஊரில் எழுந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். மலையில் வேலை செய்யும் பெண்கள் பாவாடைக்குள் புருஷனின் பழைய களிசானைக் கணுக்கால்வரை போட்டுக்கொள்வதும், மேலே அவனுடைய நீளக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வதும் யாருக்குப் புதிது? அட்டைக்கும் குளிருக்கும் அதுதான் காவல். அதற்கு மேல் இடுப்பில் முரட்டுப் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கங்காணிமார் முன்னால் நின்றுதான் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைக் காம்பரா மூடிய பிறகு மல்லிகா அதே உடுப்பில்தான் தோட்டத்து ரோட்டில் ஓடினாள். பாவாடையையும் படங்கையும் மட்டும் கழற்றி வைத்துவிட்டாள். அவ்வளவுக்கே தோட்டத்தின் மானம் போய்விட்டது என்றார்கள்.

பெருமாள் அண்ணன் கோபக்காரர் அல்ல. பக்குவமாகத்தான் பேசுவார். ஒரு நாள் நாங்கள் இருவரும் ஓடிக்கொண்டிருந்தபோது வழியில் நிறுத்தினார். “உள்ளுக்குப் போட்டா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்கம்மா. வெளிய தெரியுதுல்ல, அதான்” என்றார். மல்லிகா மூச்சு வாங்க இடுப்பில் கைவைத்து நின்றாள். “அண்ணே, இதே களிசான்ல பெரட்டுக்கு நின்னேன். அப்பப் போகாத மானம் இப்ப எப்படிப் போகும்? கொழுந்து பறிச்சா அது வேல உடுப்பு, ஓடுனா வெக்கங்கெட்ட உடுப்பா?” என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் ஓடிப்போய்விட்டாள். நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

அவள் வேகமாக ஓடுகிறவள் அல்ல. செத்துப்போனாள் என்பதற்காக நான் பொய் எழுத மாட்டேன். போட்டி என்று வந்தால் கடைசியிலிருந்து எண்ணினால்தான் அவளைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். அதைச் சொல்லிக் கேலி செய்தால், “நான் ஓடத்தானே வந்தேன், யாரையும் தொரத்தவா வந்தேன்?” என்பாள்.

பொங்கல் விளையாட்டு விழாவில் பெண்களுக்கும் ஓட்டப் போட்டி வேண்டும் என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். கமிட்டியும் சம்மதித்தது. ஆனால் ஒரு நோட்டீசும் போட்டது: பெண்கள் ஒழுக்கமான உடை அணிய வேண்டும், கமிட்டி தரும் டீசேட்டைப் போட வேண்டும், அதன் மேல் சால்வையைக் குத்திக்கொள்ள வேண்டும். கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது டீசேட்டை மேசைமேல் விரித்துப் பெருமையாகக் காட்டினார்கள். நல்ல வெள்ளை, மெல்லிய துணி, நெஞ்சில் கமிட்டியின் பெயர். மல்லிகா எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். காமன்ட்டில் பழகிய கை, விரலிடுக்கில் துணியை உருட்டிப் பார்த்தது. பிறகு மேசையில் இருந்த செம்பை எடுத்து அதன்மேல் தண்ணீரை ஊற்றினாள். நனைந்த துணி கீழே இருந்த நோட்டீசில் ஒட்டிக்கொண்டது. ‘ஒழுக்கமான உடை’ என்ற எழுத்து துணி வழியாகவே பளிச்சென்று தெரிந்தது.

“பொங்கலுக்கு இங்க மழ பெய்யாம இருந்திருக்கா? இதப் போட்டுக்கிட்டு ஓடச் சொல்றீங்களே, மூடச் சொல்றீங்களா, காட்டச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். “பொம்பளைங்க ஒருத்தியையும் கேக்காம பொம்பளைங்களுக்கு உடுப்பு எடுத்தா இப்படித்தாங்க ஆகும்.”

பெருமாள் அண்ணன் துண்டால் மேசையைத் துடைத்தார். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். நனைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. பொங்கலன்று பெண்கள் எல்லோரும் மலைக்குப் போகும் களிசானிலும் நீளக்கைச் சட்டையிலும் வந்து கோட்டில் நின்றார்கள். கொடுத்த சால்வைகள் மைதானத்து வேலியில் வரிசையாகக் கிடந்தன. பாதி ஓட்டத்தில் மழை கொட்டியது. நனைந்த சட்டைகளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

மல்லிகா உடம்பைத் திறந்துபோடச் சொன்னவள் என்று அதற்குப் பிறகும் சிலர் பேசினார்கள். அவர்களுக்காக நுவரெலியாவில் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் ஓட்டத்தில் ஓடிய பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து அங்கே ஒரு போட்டிக்குப் போனோம். கையில்லாத பனியனும் அரைக் களிசானும்தான் போட வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். எங்களோடு வந்த இளம் பெண்கள் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்கள். கொழுந்து பறிக்கும் தெய்வானை அக்கா மட்டும் முடியாது என்றார். எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், எங்கள் எல்லோரையும்விட வேகமானவர். “காலக் காட்டிட்டு ஓட எனக்குக் கூச்சமா இருக்கு. நான் பஸ்ல போயி ஒக்காந்துக்கிறேன்” என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. மல்லிகா விடுவிடுவென்று அதிகாரியிடம் போனாள். பெக்டரியில் கற்ற சிங்களம் அவளுக்குத் தண்ணீர் மாதிரி வரும். “துவன்னே கக்குல் மாத்தயா, கலிசம நெவெய்” என்றாள். ஓடுவது கால்தான் ஐயா, களிசான் அல்ல. அந்த மனிதர் சிரித்துவிட்டு, சரி ஓடட்டும் என்றார். திரும்பி வந்து எங்களிடம், “அரையாப் போடுறவ அரையாப் போடட்டும். முழுசாப் போடுறவ முழுசாப் போடட்டும். அவிழ்க்கச் சொல்றதுக்கும் மூடச் சொல்றதுக்கும் எவனுக்கும் பாத்தியத கெடையாது” என்றாள். தெய்வானை அக்கா அன்று முழுக் களிசானோடு இரண்டாவதாக வந்தார். மல்லிகா எங்கே வந்தாள் என்று கேட்காதீர்கள்.

மரண வீட்டில் ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. ஓடி ஓடித்தான் நெஞ்சு நின்றுபோச்சு என்று யாரோ சொன்னார்கள். ஒரு நாளும் ஓடாமல் நெஞ்சு வலி வந்து போனவர்கள் நம் லயத்து வீடுகளில் இல்லையா? அவர்கள் உட்கார்ந்ததால் செத்தார்கள் என்று யாராவது சொன்னோமா? சொன்னவருக்கு நேரிலேயே இதைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

போன வாரம் பெருமாள் அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். இந்தப் பொங்கல் முதல் பெண்கள் ஓட்டத்துக்கு மல்லிகாவின் பெயரை வைக்கப் போகிறார்களாம். மனம் நெகிழ்ந்து போனேன். அடுத்து ஒரு புது டீசேட்டை எடுத்து விரித்தார். நெஞ்சில் மல்லிகாவின் படம். அதே வெள்ளை. மரியாதைக்காக எல்லோரும் இதைப் போட்டு, மேலே சால்வை குத்திக்கொண்டு ஓட வேண்டுமாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்: “எவ்வளவோ வாயாடுனாலும் கடைசியில அந்தப் புள்ள சேலையிலதாம்மா லட்சணமா போச்சு.”

அண்ணே, அதற்குப் பதிலை அன்று நான் சொல்லவில்லை. செல்வராஜிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். “எழுதுங்கக்கா” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அவளைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலையைத் தெய்வானை அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் செய்தோம். ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தோம். யாரோ மெதுவாகத் தட்டினார்கள். திறந்தால் செல்வராஜ். சேலைப் பையோடு இன்னொரு சின்னப் பையும் அவர் கையில் இருந்தது. உள்ளே அவளுடைய ஓடுகிற களிசான், துவைத்து மடித்தபடி. “மலைக்குப் போறப்ப உள்ளுக்குப் போடுவாங்களே, அப்படிப் போட்டுவிடுங்கக்கா. குளிரும்” என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தெய்வானை அக்கா அதை வாங்கி அவளுக்குப் போட்டுவிட்டார். அவள் தைத்த பாடியையும் போட்டோம், தையல் வெளிப்பக்கம் வரும்படி. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிவப்புச் சேலையைச் சுற்றினோம். நீங்கள் எல்லோரும் பார்த்துக் கும்பிட்டது அந்தச் சேலையை. உள்ளுக்குப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அண்ணே.

எனக்கென்று நான் வைத்திருப்பது, அவள் எனக்குத் தைத்துக் கொடுத்த அந்த இரண்டாவது பாடி. நைந்துபோய்விட்டது, பட்டியும் தளர்ந்துவிட்டது. அதைப் பார்த்து இப்போது நானே வெட்டித் தைக்கிறேன். தைத்தவற்றைக் கடையின் முன்கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்குப் பேப்பரில் சுற்றாமல் கொடுக்கிறேன். அவள் குரலையும் வைத்திருக்கிறேன், பஸார் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலை. பொங்கலன்று அவள் பெயரிலான ஓட்டத்தில் நாங்கள் எங்கள் உடுப்பில்தான் ஓடுவோம். அரையாகப் போடுகிறவள் அரையாக, முழுசாகப் போடுகிறவள் முழுசாக. வாங்கிய வெள்ளை டீசேட்டுகளை வீணாக்க வேண்டாம், கமிட்டி ஐயாமாரே போட்டுக்கொண்டு வந்து மைதானத்தில் நிற்கட்டும். மழை வரும்.