பை பார்க்கும் உத்தியோகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு போனை எடுத்தால், ராணி அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ.

வழக்கமான குட்மார்னிங் ரோஜாப்பூ இல்லை. சர்க்கரை நோயை விரட்டும் கஷாயமும் இல்லை. ஒரு தீம் பார்க்! பின்னால் கடல்... நடுவில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு ராட்டினம், விளக்குகள் மின்ன மெதுவாகச் சுற்றுகிறது. வீடியோ முழுக்க அந்த ராட்டினம்தான். கீழே அத்தையின் குரல் பதிவு:

"சுமதி, அங்கியே தங்கறதுக்கு ரூமெல்லாம் இருக்குதாம். ஒரு வாட்டி போலாமா?"

ராணி அத்தை என் அப்பாவின் தங்கை. சேதராப்பட்டில் ஒரு சோப்பு கம்பெனியில் டப்பா அடுக்கும் வேலை. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. கொஞ்சம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். மாமா மில்லில் வேலை பார்த்தவர். சில வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாலு கால் வைத்த ஊன்றுகோலைத் தட்டித் தட்டி நடக்கிறார்.

"எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு காலுதாம்மா கண்டிஷன்ல இருக்குது" என்று மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

இந்த இருவரையும் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதா?

"பீச்சுல உக்கார வெச்சு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தா பத்தாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அதைத்தானே வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறோம்! பாவம், எத்தனை ஐஸ்க்ரீம்தான் சாப்பிடுவார்கள்? போகிறோம் என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றை பிளான் பண்ண ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்கலாம்.

முதல் வேலையாக, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

"சார், வாசல்ல படி இருக்கா?"

"இருக்கு மேடம்! எல்லாம் கிரானைட். சூப்பரா இருக்கும்."

"ஐயோ, படி இல்லாம வழி இருக்கான்னு கேட்டேன்."

"லிஃப்ட் இருக்கு மேடம்."

"லிஃப்ட் வரைக்கும்?"

"...அதுவரைக்கும் படி மேடம். நாலே நாலுதான்."

நாலே நாலு! முட்டி நன்றாக இருப்பவர்களுக்குப் படி என்பது கண்ணிலேயே படுவதில்லை. எனக்கும்தான் பட்டதில்லை. அத்தையோடு வெளியே போக ஆரம்பித்த பிறகுதான் நம் ஊரில் வங்கி, கோயில், ஜவுளிக்கடை, ஏன், எலும்பு டாக்டரின் கிளினிக்கே படிக்கட்டுக்கு மேலே இருப்பது தெரிந்தது.

கடைசியில் ஒரு ரிசார்ட் கிடைத்தது. தரைத்தளத்தில் ரூம், வாசலில் சரிவுப் பாதை, பின்பக்கமே தீம் பார்க். நம்பலாமா? 'படி இல்லை' என்று சொன்னவர்களை நேரில் போய்ப் பார்த்து ஏமாந்த அனுபவம் நிறைய. வீடியோ கால் போடச் சொன்னேன். ரிசப்ஷன் பெண் உற்சாகமாக போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"இது ஸ்விம்மிங் பூல் வியூ மேடம்..."

"சரிம்மா, பாத்ரூமைக் காட்டு."

"வராண்டாவிலேருந்து சன்ரைஸ் தெரியும் மேடம்!"

"தெரியட்டும். நீ கமோடைக் காட்டும்மா."

காட்டினாள். பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி இருக்கிறதா, கதவு எவ்வளவு அகலம், தரை வழுக்குமா, கட்டில் எவ்வளவு உயரம்... எல்லாம் விசாரித்தேன். இவ்வளவு நேரம் கழிவறையைப் பார்த்து ரசித்த வாடிக்கையாளரை அவள் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் பொறுமைசாலி. டேப் கொண்டுவந்து கதவை அளந்துகூட காட்டினாள். வீல்சேர் தாராளமாக நுழையும்.

வீல்சேர் என்றதும்தான் வீட்டில் சண்டை.

கோரிமேடு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வாடகைக்கு எடுத்து வந்திருந்தேன். மாமா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இதுல உக்காந்துதான் ஆஸ்பத்திரி பூரா சுத்தியாச்சே. ஊர் சுத்தவும் இதுலியேவா? நான் வரல, நீங்க போயிட்டு வாங்க."

"மாமா, பார்க் ரொம்பப் பெருசு. நடக்க முடியாது."

"முடிஞ்ச வரைக்கும் நடக்கறேன். முடியாட்டி நிக்கறேன்."

எதற்கும் இருக்கட்டும் என்று மடித்து டிக்கியில் போட்டேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் மூலக்குளத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பிசியோதெரபி பெண்ணிடமும் இருவரையும் அழைத்துப் போனேன். பி.பி. பார்த்தாள், காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"தாராளமாப் போயிட்டு வாங்க. ஏறும்போதும் இறங்கும்போதும் யாராச்சும் புடிச்சுக்கணும். மத்தபடி உக்காந்து செய்யறது எதுன்னாலும் செய்யலாம்" என்றாள்.

அத்தை ரொம்பக் கவனமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சரியாகப் பார்க்கவில்லை!

காரில் போகும்போது அத்தை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்.

"சுமதி, அந்த ராட்டினம் நெசமாவே அவ்ளோ பெருசா?"

"ஆமா அத்த. நிழல்ல பெஞ்ச் போட்டிருக்காங்களாம். உக்காந்து நல்லா பாக்கலாம்."

"ம்... பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அத்தை.

இப்போது இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். கேட்டது என்ன, நான் சொன்னது என்ன?

ரிசார்ட் அருமை. சரிவுப் பாதை சரிவாகவே இருந்தது. கம்பி ஆடாமல் இருந்தது. மாமா பாத்ரூமுக்குப் போய் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து, "இந்தக் கம்பிய நம்ம வூட்லயும் போட்டுடலாம்மா" என்றார். எனக்கு ஒலிம்பிக்கில் மெடல் வாங்கின சந்தோஷம். பிளான் என்றால் இது பிளான்!

சாயங்காலம் வெயில் தணிந்ததும் பார்க்குக்குள் போனோம். மாமா தட்டித் தட்டி நடந்தார். அத்தை வீல்சேரின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தார் — பிடித்து நடக்க வசதியாக இருக்கிறதாம். ஆக, காலியான வீல்சேர் ஒன்று ராஜா மாதிரி முன்னால் போக, நாங்கள் பரிவாரம் மாதிரி பின்னால் போனோம். ராட்டினத்துக்கு எதிரிலேயே ஒரு வேப்ப மரம், அடியில் பெஞ்ச். இருவரையும் உட்கார வைத்தேன். பக்கத்திலேயே பெரிய கப்பல் ஒன்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் அவருக்கு அந்த ஆசை.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்தது.

"அத்த, நீங்க ரெண்டு பேரும் இங்கியே உக்காந்து பையப் பாத்துக்குங்க. நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்."

கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. நான் கத்தியதும் என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமல் குலதெய்வத்தைக் கூப்பிட்டதும் எங்களுக்குள் இருக்கட்டும். தள்ளாடித் தள்ளாடி இறங்கி பெஞ்சுக்கு வந்தால்...

ஆள் இல்லை.

வீல்சேர் இருக்கிறது. அதில் எங்கள் பைகள் இருக்கின்றன. மாத்திரைப் பை, துண்டுப் பை, என் கைப்பை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்க, குறுக்கே பெல்ட் போட்டு இறுக்கி மாட்டியிருக்கிறது. மாமா உட்கார மறுத்த நாற்காலியில் பைகள் சௌகரியமாக இருந்தன. அவர்கள் இருவரையும் காணோம்.

அத்தைக்கு போன் போட்டேன். பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

மாமாவுக்கு மறுபடி ஏதாவது ஆகி, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? என் வீட்டுக்காரர் ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் பக்கம் ஓடினார். நான் பாத்ரூம் பக்கம் ஓடினேன். அங்கே இல்லை, கேன்டீனிலும் இல்லை. வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்தி, "ஊன்றுகோல் வெச்ச ஒரு பெரியவர், கூட ஒரு அம்மா, பச்சைப் புடவை..." என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு வந்ததே தப்பு, பீச் ஐஸ்க்ரீமே போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. அழுகையை அடக்கிக்கொண்டு மறுபடி பெஞ்சுப் பக்கமே ஓடினேன்.

"சுமதீ..."

குரல் வானத்திலிருந்து வந்தது!

நிமிர்ந்தேன். ராட்டினத்தின் உச்சியில், ஒரு மஞ்சள் கூண்டுக்குள், பச்சைப் புடவை முந்தானை காற்றில் பறக்கிறது. பக்கத்தில் மாமா. கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்று நின்று சுற்றுகிறது. அத்தை அவ்வளவு உயரத்திலிருந்து எனக்குச் சைகை காட்டுகிறார். 'பையப் பாரு, பையப் பாரு' என்று!

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பு வந்தது. அடக்கி வைத்திருந்த அழுகையும் அப்போதுதான் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூன்றையும் ஒன்றாக முடித்துக்கொண்டேன்.

அவர்கள் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டும். சும்மாதானே உட்கார்ந்திருந்தேன், யோசனை ஓடியது.

கவனித்துப் பாருங்கள். எல்லாக் குடும்பத்திலும் பை பார்க்க என்றே ஒருவர் இருப்பார். யாரும் நியமிப்பதில்லை, சம்பளம் இல்லை, ரிட்டயர்மெண்டும் கிடையாது. எங்கள் குடும்பத்தில் அது ராணி அத்தை. மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் போனால் நாங்கள் எல்லோரும் அலையில் குதிப்போம், கரையில் எங்கள் செருப்புக்கும் துணிக்கும் காவல் அத்தை. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்திக்குப் போவோம், நகைப் பைக்குக் காவல் அத்தை. அப்போதெல்லாம் அவருக்கு முட்டி நன்றாகத்தான் இருந்தது! வலி வந்த பிறகு, உத்தியோகம் நிரந்தரமாகிவிட்டது. அவ்வளவுதான்.

நான் கதவை அளந்தேன். கட்டிலை அளந்தேன். கமோடைப் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அத்தை அனுப்பின வீடியோ முழுக்க என்ன இருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

ராட்டினம் நின்றது. ஆபரேட்டர் பையனும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, மாமா நிதானமாக இறங்கினார். அத்தை அந்தப் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் ஓடிப் போய், "ஏன் அத்த இப்பிடி? சொல்லிட்டுப் போகக் கூடாதா? உசுரே போச்சு!" என்றேன்.

"சொன்னா வுட்டிருப்பியா?"

"முட்டிய வெச்சுக்கிட்டு ராட்டினத்துல..."

"அந்த டாக்டர் பொண்ணு இன்னா சொல்லுச்சு? ஏறும்போதும் இறங்கும்போதும் புடிச்சுக்கணும். உக்காந்து செய்யறது எதுன்னாலும் செய்யலாம். ராட்டினத்துல என்னா நின்னுக்கிட்டாடி போறாங்க?"



மாமாவைப் பார்த்தேன். காற்றில் தலைமுடி கலைந்து முகமெல்லாம் சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. எப்படி இருந்தது மாமா என்று கேட்டேன்.

"கடலு பூராவும் தெரிஞ்சுதும்மா" என்றார். ராட்டினத்தின் உச்சியைக் கண்ணால் காட்டினார். "அங்க மேல எல்லாருக்குமே காலு சும்மாதான் தொங்குது."

ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் வரை ஓடிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்த என் வீட்டுக்காரரும் இதைக் கேட்டார். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க மாமா, நான் இன்னும் அதுல ஏறல" என்றார்.

"அப்ப நானும் வரேன்" என்றார் அத்தை.

நானும் எழுந்தேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். வீல்சேரின் பெல்ட்டைச் சரி பார்த்தார். பிறகு என் தோளை அழுத்தி மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தார்.

"நீ இங்கியே உக்காந்து பையப் பாத்துக்கடி. நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்."

பைகள் பத்திரமாக இருந்தன.