வெள்ளிக்கிழமை வெளியே போன பணம்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் தெருவில் பெரியநாயகியைத் தெரியாதவர்கள் கிடையாது. களிமண்ணை அச்சில் அழுத்தி பியூஸ் கட்டை செய்வது அவள் வேலை. மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. கணவனை இழந்த பிறகும் யார் முன்னாலும் தலை குனியாதவள்!

2009 தொடக்கத்தில், வீட்டுக் கடன் தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் முறை எங்கள் ஊருக்கும் வந்தது. அதுவரை மாதாமாதம் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, கடன் கம்பெனி வாசலில் பெண்கள் வெயிலில் நிற்பார்கள். "இனிமே அந்தக் க்யூவே வேணாம்டி" என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் பெரியநாயகிதான்.

முதல் தவணை பிப்ரவரி இருபதாம் தேதி. அன்று அவள் கையெழுத்து வாங்கிய ஒருத்தி கணக்கிலும் பணம் இல்லை!

வங்கி மேலாளர் கோதண்டபாணி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். "பணத்த ஒழுங்கா போட்டாங்கம்மா. ஆனா வியாழக்கிழமையே வந்து மொத்தமா எடுத்துட்டாங்க. அடுத்த மாசமும் இப்படி ஆச்சுன்னா, உங்க குழுவுக்கு இந்த வசதிய கடன் கம்பெனிக்காரங்க நிறுத்திடுவாங்க. மறுபடியும் க்யூதான்."

பெரியநாயகி நேரே பட்டறைக்கு வந்தாள். "ஏண்டி இப்படிப் பண்ணீங்க?"

பக்கத்து அச்சில் வேலை செய்யும் சிந்தாமணி துணிந்து சொன்னாள். "வெள்ளிக்கிழமக்கா! எந்த வூட்லயாவது வெள்ளிக்கிழம பணத்த வெளிய வுடுவாங்களா? லட்சுமி போயிடுவா. அதான் எடுத்து அரிசிப் பானையில வச்சிட்டோம். சனிக்கிழம திரும்பப் போட்டுட்டோம்ல?"

"அடிப்பாவி, கம்ப்யூட்டருக்கு வெள்ளி சனி தெரியுமா?"

"அதுக்குத் தெரியாது. லட்சுமிக்குத் தெரியும்ல?"

பட்டறையே சிரித்தது. பெரியநாயகியால் சிரிக்க முடியவில்லை. பிப்ரவரிக்கு இருபத்தெட்டே நாள். மார்ச் இருபதும் வெள்ளிக்கிழமைதான். தேதியை மாற்றினாலும் ஏதாவது ஒரு மாதம் வெள்ளி வந்தே தீரும். அவர்களை எப்படித் திட்டுவாள்? வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு உப்புகூடக் கொடுக்காதவள்தானே அவளும்!

மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்த கையோடு எல்லாரையும் தன் வாசலுக்கு அழைத்தாள். முந்தானையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து சிந்தாமணியிடம் நீட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்கடி. வெளக்கு வச்ச நேரத்துல என் வூட்டுப் பணம் வெளிய போவுது. லட்சுமி போறதா இருந்தா மொதல்ல என் வூட்ட வுட்டுப் போவட்டும்!"

"அய்யோ அக்கா, நான் வாங்க மாட்டேன்!" சிந்தாமணி அழுதேவிட்டாள்.

"வாங்குடி! கடன ஒழுங்கா அடைக்கிற வூட்டுலதாண்டி அவ ஒக்காருவா."

அழுதுகொண்டே வாங்கினாள் சிந்தாமணி.

அடுத்த வியாழக்கிழமை ஒருத்தியும் வங்கிப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை பகல் பெரியநாயகியின் செல்போன் அடித்தது. கை முழுக்கக் களிமண். சிந்தாமணிதான் அதை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"ஒண்ணுகூட திரும்பலம்மா. எல்லார் தவணையும் போயிடுச்சு!" கோதண்டபாணியின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது.

பெரியநாயகியின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைக்கத்தான் கை இல்லை. சிந்தாமணி தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

க்யூவுக்கென்று அரை நாள்கூடக் குறையாமல், அன்று மாலை எல்லாரும் முழு வாரக் கூலி வாங்கினார்கள்.