சாட்சி: எண் 417

கிளப் அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஹேண்டிகேப் மேடம். பதினான்கு வருடமாக அதுதான் பெயர். இன்றுவரை ஒரு கோல்ஃப் பந்தைக்கூட அவள் அடித்ததில்லை. ஆனால் அறுநூறு பேர் எவ்வளவு மோசமாக அடிக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஆடி முடித்தவர்கள் கதவருகே இருக்கும் மரப்பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். பதினெட்டுக் குழி, ஒவ்வொன்றிலும் பந்தை விழவைக்க எத்தனை அடி (குறைய அடித்தவரே கெட்டிக்காரர்), கீழே சாட்சியாக, கூட ஆடியவரின் உறுப்பினர் எண், கையெழுத்து. அவள் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சாஃப்ட்வேர் ஒருவருடைய கடைசி இருபது கார்டுகளில் நல்லதாக எட்டைப் பொறுக்கி, ஓர் எண்ணைத் துப்பும். அந்த எண்தான் ஹேண்டிகேப். சுமாராக ஆடுகிறவர் கெட்டிக்காரரோடு மோதும்போது, அவருக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கும் அடிகள். எண் சிறுத்தால் ஆட்டக்காரர் பெருத்தார் என்று பொருள்.

அங்கேதான் மனிதர்களின் லட்சணம் தெரியும். கோப்பைக்கு ஆசைப்படுகிறவர்கள், தள்ளுபடி குறைந்துவிடக் கூடாதென்று, நன்றாக ஆடிய கார்டைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு போவார்கள். பெருமைக்கு ஆசைப்படுகிறவர்கள் மோசமான கார்டை மறைப்பார்கள். கேட்டால், "மழையில நனைஞ்சுபோச்சு மேடம்" என்பார்கள். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

"இன்னிக்கு யாரு உன் உசிரை வாங்கினாங்க?" என்றுதான் கணவர் தினமும் கதவைத் திறப்பார். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பட்டியல் தொடங்கிவிடும்.

அந்தப் பட்டியலில் கப்பல்காரர் வந்ததே இல்லை. முப்பது வருடம் கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மட்டையை வீசி, பந்தில் படாமல் போனால்கூட ஓர் அடி என்று எழுதிக்கொள்ளும் ஒரே ஆள். ஆனால் அவரோடு யாரும் ஆட மாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கு முன்பும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு சொற்பொழிவு. பந்து தொலைந்தால், மூழ்கிய கப்பலைத் தேடுவது போல அரைமணி நேரம் புதரைக் கிளறுவார். இருபத்திரண்டு வருடமாக அதைப் பொறுத்துக்கொண்டவர் பல் டாக்டர் ஒருவர்தான். உறுப்பினர் எண் 417. ஏழரை மாதத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். கிளப் சார்பில் மலர்வளையம் வாங்கி அனுப்பியதே அவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மேஜையில் போன் அடித்தது. பல் டாக்டரின் மனைவி.

"ஏம்மா, அவர் செல்லுக்கு உங்க கிளப்புல இருந்து மெசேஜ் வந்திருக்கு. இந்த வருஷம் அதிகக் கார்டுக்கு சாட்சி சொன்னது அவராம். வாழ்த்துக்களாம். முப்பத்தியொரு கார்டாம்."

போன வாரம்தான் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு வந்திருந்தது. கேட்காமலே வாழ்த்து அனுப்புமாம். அவள் ஐந்து வருடமாகச் சரிசெய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கும் அச்சுப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா, மெஷின் தப்பு…"

"தப்பு சரியெல்லாம் இருக்கட்டும். உசிரோட இருந்தப்ப பிள்ளைங்க ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துப் போடவே இந்த மனுஷனுக்கு நேரம் இல்ல. இப்ப எப்படி முப்பத்தியொண்ணு போட்டார்?"

போனை வைத்துவிட்டு கார்டுக் கட்டை எடுத்தாள். முப்பத்தொன்றும் கப்பல்காரருடையது. சனிக்கிழமைக்கு ஒன்று. கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது. எண் கட்டத்தில், என்ஜினியருக்கே உரிய நேரான எழுத்தில், 417. அதை வாரம் தவறாமல் கம்ப்யூட்டரில் தட்டியது வேறு யாருமல்ல, அவள். மலர்வளையம் வாங்கிய அதே கை. விரல்களுக்கு எண் தெரிந்திருந்தது, ஆளைத் தெரியவில்லை. இறந்தவரின் பதிவை மூடும் பக்கத்தையும் இரண்டு முறை திறந்துவிட்டு, அந்த அம்மாவிடம் போய் இறப்புச் சான்றிதழ் கேட்க மனமில்லாமல் மூடியிருந்தாள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

புதன்கிழமை கப்பல்காரரை வரவழைத்தாள்.

"என்ன சார் இது? போனவர் எப்படி சார் சாட்சி சொல்வார்?"

"அந்தக் கட்டத்துல ஒரு நம்பர் போடச் சொல்லுது. எனக்குத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்."

"தனியா ஆடினா கார்டு செல்லாது சார். விதி."

"நான் பொய் எழுதினேனாம்மா? பாருங்க. நூத்தி நாலு, நூத்தி ஏழு, நூத்தி பதினொண்ணு. பொய் எழுதுறவன் இப்படியா எழுதுவான்?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏமாற்றுகிறவர்களைத் திட்டித் திட்டிப் பழகிய வாய்க்கு, கோப்பைப் பக்கமே போகாமல், லாபமில்லாமல் ஏமாற்றுகிறவரை எப்படித் திட்டுவதென்று தெரியவில்லை.

அவர் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு கார்டாக நீக்கினாள். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டது சாஃப்ட்வேர். 'சாட்சி இல்லை', 'சாட்சி இல்லை' என்று முப்பத்தொரு முறை. நடுவில் இரண்டு தரம் திரை உறைந்தது. கடைசிக் கார்டு போனதும் எண் தானாக மாறியது. இருபத்தேழு இருந்த இடத்தில் இருபத்தொன்று புள்ளி நான்கு. பல் டாக்டரோடு கடைசியாக ஆடிய சனிக்கிழமை இருந்த அதே எண்.

கப்பல்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையையே பார்த்தார்.

"இது நான் இல்லம்மா. அவன் இருந்தப்ப இருந்தவன் இது. மாத்துங்க."

"அறுநூறு பேர்ல அத்தனை பேரும் எண்ணைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுறாங்க, இல்ல தள்ளுபடிக்காக ஏத்தச் சொல்லிக் கெஞ்சுறாங்க. நீங்க உண்மையாவே மோசம்னு எழுதச் சொல்றீங்க. மாத்தணும்னா கூட யாராவது ஆடணும் சார். இல்ல கமிட்டி ஒத்துக்கிட்ட ஆள் யாராவது கூட நடந்து எண்ணணும்."

"என்கூட யாரு வருவா?"

"நான் வர்றேன்."

குரல் வந்த வாசலில் பல் டாக்டரின் மனைவி நின்றிருந்தார். ஒரு கையில் கணவரின் செல்போன், மறுகையில் ஒரு கவர்.

"இருபத்திரண்டு வருஷம், சனிக்கிழமையானா அங்க என்னதான் பண்றீங்கன்னு அவர்கிட்ட கேட்டிருக்கேன் அண்ணே. ஒரு நாள் ஒழுங்கா பதில் வந்ததில்ல. நானே வந்து பாத்துக்கறேன்."

"உனக்கு ஆட்டம் தெரியாதே தங்கச்சி."

"எண்ணத் தெரியும்ல?"

மேடம் திரையைத் தட்டிப் பார்த்தாள். குடும்ப உறுப்பினர், எண் 417-பி. பதினைந்து வருடம் முன்பே பதிவாகி, ஒரு தடவைகூடப் பயன்படாமல் கிடந்தது. கமிட்டிக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அந்த அம்மா கவரை மேஜையில் வைத்தார். "இறப்புச் சான்றிதழ். நீ கேக்கக் கூச்சப்படுறேன்னு தெரியும். பேரை எடுத்துடு."

கப்பல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்தொரு வாரம் அவர் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஹேண்டிகேப்பை அல்ல. கம்ப்யூட்டரில் தட்டினால், ஆள் இருக்கிறார் என்று இன்னும் பச்சையாக ஒளிரும் ஓர் எண்ணை.

திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது கார்டு இருந்தது. நூற்று ஒன்பது. சாட்சி 417-பி. கீழே பளிச்சென்று கையெழுத்து. ஏழாவது குழிக்கு நேரே எட்டைக் கோடு போட்டு அடித்து, ஒன்பதாகத் திருத்தப்பட்டிருந்தது. அவள் யோசிப்பதற்குள் போன்.

"ஏம்மா, ஏழாவதுல அண்ணன் எட்டுன்னு எழுதினார். புதருக்குள்ள செடியை விலக்கத்தான் மட்டையை வீசினாராம், பந்துக்கு வீசினதை நான் பாத்தேன். ஒன்பதுதான். நான்தான் அடிச்சுத் திருத்தினேன். அவரைக் கேளு, இல்லேன்னு சொல்லட்டும்."

"ஒத்துக்கிட்டாரா?"

"கோபம் அவருக்கு. அப்புறம் காத்தைப் பத்தி ஆரம்பிச்சார் பாரு, எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமை ராத்திரி ஏன் வாயே திறக்காம படுத்தார்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அடுத்த வாரம் தொப்பி வேணும். உங்க கடையில இருக்கா?"

கார்டை ஏற்றிவிட்டு 417-இன் பக்கத்தைத் திறந்தாள். சான்றிதழின் தேதியைப் போட்டு, 'மூடு' என்பதை அழுத்தினாள். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. தலைமை உறுப்பினரை மூடினால் குடும்ப எண்ணும் மூடப்படும். தொடரவா?

பி-யைத் தனியாகப் பிரிக்க முடியுமா என்று தேடினாள். முடியாது. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு போன் செய்தாள். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பையன், "அது அடுத்த பதிப்புல வரும் மேடம்" என்றான். எப்போது என்றாள். "சொல்ல முடியாது மேடம்."

பதினான்கு வருடமாக அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறாள். இன்று, "பரவாயில்லப்பா, அவசரமில்ல" என்று சொல்லி வைத்தாள்.

கிளப் செயலாளர் அவள் மேஜையில் விட்டுப்போன சீட்டு கிடந்தது: '417 விஷயம் முடிந்ததா?' அவள் பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினாள்: 'முயன்றேன். சாஃப்ட்வேர் விடவில்லை.' பிறகு 417-இன் பக்கத்தில் வாழ்த்துச் செய்தி போகும் கட்டத்தை மட்டும் தேடிப் பிடித்து அணைத்துவிட்டு, அடுத்த கார்டை எடுத்தாள். நனைந்து, மடங்கி, ஒரு குழியின் எண்ணே படிக்க முடியாமல் இருந்தது.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.