சீமை டைப்ரைட்டரின் கிறீச்சு

அந்த டைப்ரைட்டரை வாங்கிக்கொண்டு வந்த அன்று, பெச்சா ரிக்ஷாவில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். காலடியில் வைக்க மனம் வரவில்லை. கைப்பிடி போட்ட பெட்டிக்குள் அடங்கிவிடும் சின்ன மெஷின். சீமையிலிருந்து வந்தது, கடையில் இருந்ததிலேயே விலை கூடியது. மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. காஜா பேராங் தெருக் கடை வாசல்களில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை கொடியும் என் டைப்ரைட்டருக்காகக் கட்டியது போல எனக்கு ஒரு மிதப்பு.

நான் அப்போது மலாக்கா கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் கேட்பதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒருவன் வீட்டுக்குப் போவதா சிறைக்குப் போவதா என்பது சில நாட்களில் என் வாயில் இருக்கும். காலையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நான் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை, கொஞ்சநஞ்சமல்ல. கோர்ட்டுக்கு வரும் மனுக்களை வீட்டில் வைத்தும் மொழிபெயர்ப்பேன். அதற்குத்தான் டைப்ரைட்டர்.

முதல் பக்கத்தைக்கூட அடித்து முடிக்கவில்லை, மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க அது, கிறீச் கிறீச்சுங்குது?”

“எது?”

“அந்த மெஷின்தான். நீங்க கை வச்சு அமுக்குறப்பல்லாம் ஓரத்துல கத்துது. கதவுக் கீல் மாதிரி.”

மெஷினைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் அழுத்தினேன். கவிழ்த்து ஆட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பளபளவென்று பச்சை வண்ணம் பூசிய தகடு, பிசிறில்லாத விளிம்பு. இதையா குறை சொல்கிறாள்? வீட்டுக்குத் தையல் மெஷின் வாங்கலாம் என்று அவள் அதற்கு முன்பே சொல்லியிருந்தாள். சரி, அந்தக் கோபம்தான் இப்படி வருகிறது என்று முடிவு கட்டினேன்.

“நான் எது வாங்கினாலும் உனக்கு ஒரு நொட்டை சொல்லணும்” என்றேன்.

அவள் விடவில்லை. வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் மறுபாதியில் இருந்தவர். செட்டி சமூகத்துப் பெண்மணி, சாமியெல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். கெபாயா ரவிக்கையின் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு மெஷினின் ஓரத்தை ஒரு விரலால் அமுக்கினார். முகத்தைச் சுளித்தார். “அடா புன்யி” என்றார். சத்தம் இருக்கிறதாம். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெட்டியை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மனைவி கிறீச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கும் ஒரு குறை இருந்தது. டைப்ரைட்டரில் வரி முடியப் போகும்போது ஒரு சின்ன மணி அடிக்க வேண்டும். அதைக் கேட்டு அடுத்த வரிக்குப் போகலாம். இந்த மெஷினில் மணி அடிக்கவே இல்லை. நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போவேன், ஓரத்தில் எழுத்தின் மேல் எழுத்து ஏறிக் கருப்பாய்க் குவிந்து கிடக்கும். பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டேன். இத்தனை பேர் பெற்ற மெஷினில் ஒரு மணியை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. கடைக்குக் கொண்டு போகிறேன் என்றால் மனைவி ஏதாவது சாக்கு சொல்லித் தடுத்தாள். “மணி போனாப் போகுது. பேப்பர் ஓரத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டுக்குங்க” என்றாள். சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தாள். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று அதிலும் ஒரு நாள் போயிற்று.

அந்த வருடம் கோர்ட்டிலும் எனக்கு எரிச்சல் அதிகமாக இருந்தது. தோட்டத்துப் பெண்கள் சாட்சி சொல்ல வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அது பயத்தில் வருவது. முன்பெல்லாம் எனக்கு அது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. இப்போது, “முந்தானையை எடுத்துட்டுப் பேசும்மா, கோர்ட்டு இது” என்று அதட்டினேன். இந்தக் காலத்துச் சாட்சிகளுக்குப் பேசவே தெரியவில்லை என்று சக ஊழியர்களிடம் அலுத்துக்கொண்டேன்.

பூஜை முடிந்த சனிக்கிழமை மதியம், டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மனைவியும் கூடவே வந்தாள். கடை பண்டார் ஹிலிரில் இருந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம், எல்லோருக்கும் அவர் நானா. பெட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

“என்ன சார், பொட்டெல்லாம் வச்சுக் கொண்டாந்திருக்கீங்க! சாமி கும்பிட்ட சாமானை நான் எப்படித் திருப்பி வாங்குறது?”

“திருப்பித் தர வரலை நானா. மணி அடிக்க மாட்டேங்குது. அதைச் சரி பண்ணிக் குடுங்க.”

காகிதத்தைச் செருகி ஒரு வரி அடித்தார். நிமிர்ந்து பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு?”

“என்ன நல்லாருக்கு? இன்னொரு தடவை அடிங்க.”

அடித்தார். வரி முடியும் இடத்துக்கு வந்தபோது, அந்தப் பக்கம் பூட்டு பார்த்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவர் சட்டென்று தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். கூப்பிட்டால் திரும்புவது போலத் திரும்பினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

“கிறீச்சு வேணா இருக்கு சார், அதை நான் மறைக்கலை” என்று நானா சொல்லிக்கொண்டே போனார். “எடை குறையணும்னு தகட்டை மெல்லிசா இழைச்சுட்டான். மேல் மூடியும் கீழ்ச் சட்டமும் உரசுது. முன்ன வந்த மெஷினெல்லாம் பாறாங்கல்லு கனம் கனக்கும், ஆனா வாயைத் திறக்காது. இப்ப விலைதான் கூட. மணி மட்டும் கணீர்னு இருக்குலா!”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, நானாவையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. மெஷினில் மணி இருக்கிறது, கிறீச்சும் இருக்கிறது. என் காதில்தான் இல்லை.

நானாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு, மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, தானே தூக்கி வந்து பெச்சாவில் ஏற்றிவிட்டார்.

பெச்சா ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. காது போன மொழிபெயர்ப்பாளனுக்குக் கோர்ட்டில் என்ன வேலை?

“உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?”

அவள் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். “போன தீவாளிக்கே சந்தேகம்தான். இந்தக் கிறீச்சு கேக்கலைன்னு சண்டை போட்டீங்க பாருங்க, அப்ப உறுதியாயிருச்சு.”

“ஏன் சொல்லலை?”

“காலையில கோட்டு போட்டுக்கிட்டுக் கெளம்புறப்ப உங்க நடை ஒண்ணு இருக்கே. அதை நான் எப்படிங்க நிறுத்துறது?”

அவள் அப்படித் திரும்பி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. எவ்வளவோ நாட்களாக அவள் முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எனக்கு எதிரில் வந்து நின்றுதான் சொல்வாள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் இவளுக்கு என் முகத்தைப் பார்க்காமல் பேச முடியவில்லையே என்று நான் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குள் ஒரே வாதம். சாட்சியின் உதட்டைப் பார்த்தே நான் இவ்வளவு காலம் சமாளித்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது, இன்னும் சில வருடம் ஓட்டிவிடலாம். இது ஒரு பக்கம். திங்கட்கிழமை வரப்போகும் வழக்கு இன்னொரு பக்கம். ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் வெட்டிய வழக்கு, பார்த்த சாட்சி ஒரே ஒரு பெண். அவள் சொல்லும் ஓர் “இல்லை”யை நான் “ஆமாம்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால்? இதுவரை அப்படி எத்தனை சொன்னேனோ? மனைவி வழக்கம் போலக் கோட்டைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை கோர்ட்டு கூடுவதற்கு முன் மாஜிஸ்திரேட்டின் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஐயா, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, கூண்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பது நியாயமில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். உட்காரச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். உள்ளே ஒரு மேசையில் பத்திரங்களை மட்டும் மொழிபெயர்க்கும் வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார்.

வழக்கு நடந்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கூண்டில் ஏறினாள். முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. புதியவர் அவளை அதட்டவில்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டு, தயங்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. துக்கமும் இருந்தது, அந்தப் பெண் என் காதிடமிருந்து தப்பித்தாள் என்ற நிம்மதியும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எதிரில் வந்து நின்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“உள்ள மேசை வேலை குடுத்திருக்காங்க. இனிமே கோட்டு வேணாம். சட்டை போதும்.”

அவள் தலையை ஆட்டினாள். ஆணியிலிருந்த இன்னொரு கோட்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னவென்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

நான் அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய் அவளுக்கு எதிரில் நின்றேன்.