கம்ப்யூட்டரில் வந்த தல வரலாறு

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமா வாங்கியவன். அதை வைத்துத்தான் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அரசாங்க வேலை இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வேலை. கழகத் தலைவர் இருக்கச் சொன்னால் இருக்கலாம், போகச் சொன்னால் போக வேண்டியதுதான். தினமும் குளித்து, திருநீறு பூசி, அம்மன் கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். இன்றைக்கும் அப்படித்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இதே ஊரில் என்னைச் சாமி இல்லை என்கிறவன் என்று பேசினார்கள்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரப் பள்ளிக்கூடம், தூசிக்காக வைத்த விதி அது. ஆனால் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் மானிட்டர் மேலேயே காய்ந்து கிடக்கும். துடைக்கப் போனால், "வேணாம் சார், பாவம்" என்பார்கள். அப்போது எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட் கிடையாது. தலைமையாசிரியர் எல்லாப் பாடத்துக்கும் கட்டுரை எழுதி வரச் சொல்லுவார். வசதியுள்ள பிள்ளைகள் பெரம்பலூருக்குப் போய் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்து வருவார்கள். அப்படி ஒருவன் நம் மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்தான். அதில், அப்போது எங்கள் மாவட்டத்திலேயே இருந்த அரியலூர் ஒரு கடற்கரை நகரம் என்று இருந்தது.

"நம்ம ஊருல கடல் எங்கடா இருக்கு?"

"வெப்சைட்ல இருக்கு சார்."

வகுப்பே சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய மாமாவுக்கு அரியலூரில் மளிகைக்கடை. மாதம் ஒருமுறை அங்கே போகிறவன், தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அந்தத் தாளை நம்பினான். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதனால்தான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னதை, வேறு யாரோ அரைகுறையாகக் காதில் வாங்கி எழுதிவைத்த பக்கம் அது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மவுஸ் பிடிக்கவும் ஃபைல் திறக்கவும் சொல்லிக்கொடுத்தால் போதாது. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். நல்லதாக நாலு பக்கம், கெட்டதாக நாலு பக்கம் பிரின்ட் எடுத்து வந்து பிள்ளைகளிடம் கொடுப்பேன். இதை எவன் எழுதினான், பேர் போட்டிருக்கிறானா, அவனுக்கு எப்படித் தெரியும், இப்படிச் சொல்வதால் அவனுக்கு ஏதாவது லாபம் உண்டா என்று கேட்கச் சொல்லுவேன். இதில் லாபமில்லாத வேறு ஒருவர் அதையே சொல்கிறாரா என்று தேடிப்பார்க்கச் சொல்லுவேன். எனக்குத் தெரிந்த அளவுக்கு அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போயிற்று.

அந்த வருஷம் எங்கள் அம்மன் கோயிலுக்கு ஒரு வெப்சைட் வந்தது. ஊர்ப் பெரிய குடும்பத்துப் பையன் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே அதைச் செய்திருந்தான். அவனுடைய அப்பாதான் கோயில் விழாக் கமிட்டியிலும் முக்கியமானவர், பள்ளிக்கூடக் கழகத்துக்கும் தலைவர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அம்மன் படமும் கோபுரமும் ஒரு தட்டுத் தட்டினால் உலகமெல்லாம் தெரிகிறது என்று ஊருக்கே பெருமை. எனக்கும் பெருமைதான். பிள்ளைகளுக்குச் சொந்தமான விஷயமாக இருக்கட்டும் என்று அதில் இருந்த தல வரலாற்றைப் பிரின்ட் எடுத்து வந்து வகுப்பில் கொடுத்தேன். வேறு எண்ணம் எதுவும் எனக்கு இல்லை.

கீழத்தெருவிலிருந்து வந்த ஒரு பெண் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா கொத்தனார். அவர்கள் தெருவில் முன்பெல்லாம் எல்லாருமே அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது கொத்தனார், டிரைவர், தையல்காரர் என்று ஆகியிருந்தார்கள். அவள் தாளைப் படித்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார், இதுல அஞ்சாம் நாள் மண்டகப்படி பெரியவர் வூட்டுதுன்னு போட்டுருக்கு. அது எங்க தெருவுது சார்."

பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவோ ஒரு குடும்பமோ அம்மனைத் தங்கள் பந்தலுக்கு அழைத்துப்போய் நிறுத்தி, அன்றைய பூஜையைத் தங்கள் செலவில் செய்யும். அதுதான் மண்டகப்படி. ஐந்தாம் நாள் அம்மன் கீழத்தெருவுக்கு இறங்கி வரும். பந்தலில் உட்கார்ந்து பானகம் குடிக்கும் என்பார்கள். அந்தத் தெருப் பெண்கள் மாவிளக்குப் போடுவார்கள். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருவில் நின்று கைகூப்புவார்கள். வெப்சைட்டில் அந்தத் தெருவின் பெயரே இல்லை. ஐந்தாம் நாள் தங்கள் மூதாதையர் காலத்திலிருந்து தங்கள் வீட்டு வாசலில் நடக்கிறது என்று எழுதியிருந்தது.

நான் சொல்லிக்கொடுத்ததை நானே எப்படி மறுப்பது? விசாரித்து வாருங்கள் என்றேன். பிள்ளைகள் பூசாரியைக் கேட்டார்கள், பூக்கட்டுகிறவரைக் கேட்டார்கள், மேளக்காரரைக் கேட்டார்கள், மேலத்தெருவிலேயே வயதான ஓர் ஆளைக் கேட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, இதில் என்ன சந்தேகம், கீழத்தெருவுதான் என்றார்கள். பிள்ளைகள் அதைச் சார்ட் பேப்பரில் எழுதி, அடியில் 'இந்தப் பக்கத்தை நம்ப முடியாது' என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதி அறைச் சுவரில் ஒட்டினார்கள்.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றச் சொன்னார். "சார், அரியலூர்ல கடல் இருக்குன்னு எவனோ போட்டா கிழிச்சிப் போடுங்க, நான் கேக்கல. இது பெரியவர் வூட்டு விஷயம்" என்றார். நான் கழற்றினேன். ஆனால் பார்த்த பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லாமல் இருப்பார்களா?

அப்புறம்தான் ஊருக்கே விஷயம் புரிந்தது. வெப்சைட்டில் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் கீழத்தெருக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் அச்சாகி வந்தபோது அதிலும் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர்ப் பையன் குடும்பத்தோடு வருகிறான். பெரியவர் வீட்டு வாசலில் பந்தல், வாணவேடிக்கை, அன்னதானம். நோட்டீஸின் கீழே, முழுத் தல வரலாற்றுக்குப் பாருங்கள் என்று அந்த வெப்சைட்டின் முகவரி. வெப்சைட்டில் போய்ப் பார்த்தால், ஆதாரமாக அந்த நோட்டீஸையே ஸ்கேன் செய்து போட்டிருந்தார்கள்.

கீழத்தெருவில் கொதித்தார்கள். போலீஸ் வந்தது. பெரம்பலூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டர் விஷயம் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள்.

அதிகாரி முதலில் கீழத்தெருக்காரர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பா எழுந்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே பேசினார்.

"அம்மன் வருதுங்களே. அதாங்க ஆதாரம்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் வேறு என்ன சொல்வார்? வருஷா வருஷம் வருகிற சாமிக்கு யாராவது ரசீது வாங்கி வைப்பார்களா? எழுதிவைக்க வேண்டிய தேவையே யாருக்கும் இருந்ததில்லை.

பெரியவர் வெப்சைட் பிரின்டையும் நோட்டீஸையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். வைக்கும் முன் இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மன் படம் போட்ட தாளாயிற்றே. அவரோடு வந்தவர்களும் கைநீட்டித் தொட்டுக்கொண்டார்கள். பூசாரியும் அங்கே இருந்தார். பிள்ளைகளிடம் சொன்னதைச் சொல்லுங்கள் என்று கீழத்தெருக்காரர்கள் அவரைக் கேட்டார்கள். அவர் தனக்கு நினைவு சரியாக இல்லை, பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்றார். தினமும் என் கையில் திருநீறு போடுகிற கை அது. அன்றைக்கு அவர் என் பக்கமே பார்க்கவில்லை.

அதிகாரி என்னிடம் திரும்பினார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"சார், வெப்சைட்ல யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் போடலாம். நீங்க சொன்னா நானே இன்னைக்கு ஒண்ணு போடுவேன். இத எழுதுனது அவர் மகன். நோட்டீஸ் அடிச்சது அவர். அதப் பாத்து இது, இதப் பாத்து அது. ரெண்டும் ஒரே வாய்தான் சார்."

பெரியவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. சிரித்த முகமாகவே கேட்டார்.

"வாத்தியாரே, கம்ப்யூட்டர்ல வர்றது பொய்யின்னா, செருப்பக் கழட்டச் சொல்லி உள்ளார என்னத்தத்தான் சொல்லிக் குடுக்கறீங்க? இன்னைக்கு தல வரலாறு பொய்யும்பீங்க. நாளைக்குச் சாமியே பொய்யும்பீங்களா?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பிறகு அவர் எங்களைப் பார்த்து, கோபமில்லாமல், இரக்கமாகக்கூட, "எழுத்துல இருக்கறதத்தாங்க நாங்க பாக்க முடியும். ரெண்டு எடத்துல ஒரே மாதிரி இருக்கு. நீங்க வாயால சொல்றீங்க" என்றார். இந்த வருஷம் நோட்டீஸ்படி நடக்கட்டும், வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கொத்தனாரும் கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் திருவிழாவே நின்றுவிடும் என்று பயம் காட்டியிருந்தார்கள். தன் தெருவால் அம்மன் திருவிழா நின்றது என்ற பேரை அவரால் தாங்க முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் நோட்டீஸ் வருகிறவரைக்கும் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்று மட்டும் சொன்னார். அதை நன்றியாகச் சொன்னாரா வேறு எதுவாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி தட்டை வைத்துக்கொண்டே, "ஏங்க, கழகத்துத் தலைவரையே எதுத்துட்டு வந்திருக்கீங்க. ஜூன் மாசம் உங்களக் கூப்புடுவாங்களா?" என்றாள். கூப்பிடவில்லை. பெரியவரின் தங்கை மகனைப் போட்டார்கள். அவன் நல்ல பையன்தான். அவனுக்கு என்மேல் எந்த விரோதமும் இல்லை. பாடப் புத்தகத்தில் இருப்பதை ஒழுங்காக நடத்தினான். நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போனேன்.

அதெல்லாம் பிற்பாடு. அந்தப் பங்குனித் திருவிழாவின் ஐந்தாம் நாள் சாயங்காலம் நான் கீழத்தெரு முனையில் போய் நின்றேன். வேறு எங்கே நிற்பது? அம்மன் இங்கே வராது என்று தெரிந்தும் தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு வீடு கோலம் போட்டிருந்தார்கள். பந்தல் மட்டும் இல்லை. பந்தல் போடக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். பெண்கள் மாவிளக்குத் தட்டோடு வாசலில் நின்றார்கள். நெய் தீபம் காற்றில் ஆடியது. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் முனை வீட்டு வாசலில் நின்றார்கள்.

மேளம் கேட்டது. அம்மன் முனைக்கு வந்தது. வருஷா வருஷம் அந்த இடத்தில் சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றி இடது பக்கம் இறங்குவார்கள். பழக்கத்தில் முன்னால் தூக்கிய இரண்டு பேர் இடது பக்கமே சாய்ந்துவிட்டார்கள். அம்மன் ஒரு நொடி எங்கள் பக்கம் திரும்பியது. கீழத்தெருவில் ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது. உடனே பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். பல்லக்கு வலது பக்கம் திரும்பி மேலே போனது. குலவை பாதியில் நின்றது. பெண்கள் அம்மனின் முதுகுப் பக்கத்தைப் பார்த்துத் தட்டை உயர்த்திக் காட்டினார்கள்.

என்னால் கைகூப்ப முடியவில்லை. தாயே, நீயும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நடக்கிறாயா என்று மனசுக்குள் கேட்டேன். கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் தினமும் போய் நிற்கிறேன். பூசாரி திருநீறு போட வரும்போது நான் கையை நீட்டுவதில்லை. தட்டிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவர் வீட்டு வாசலில் அதிர்வேட்டு வெடித்தது. சிங்கப்பூர்ப் பையன் டிஜிட்டல் கேமராவைத் தூக்கிப் பிடித்து, பல்லக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே படம் எடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் அம்மன் முகத்தில் வெளிச்சம் அடித்து அணைந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என் பக்கம் வந்தாள்.

"சார், இந்த போட்டோவெல்லாம் அதுல போடுவாங்கல்ல?"

போடுவார்கள் என்றேன்.

"போட்டோ நெசந்தானே சார். இன்னமே பாக்கறவங்க எழுதுனது பொய்யின்னு எப்புடி சார் கண்டுபுடிப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவள் அம்மா தட்டில் எரிந்துகொண்டிருந்த மாவிளக்கை அணைக்காமல், முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் எடுத்துப் போனார்.