முதல் தரத் தோல், கறை இல்லாதது

எங்கள் ஊர் ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த விளம்பரத்தைத் தின்றிருக்குமா? ஆட்டுத் தோல் பதனிடும் கிடங்கின் விளம்பரம் அது. பாலாற்றங்கரை தொடங்கி வாணியம்பாடி ரயிலடி வரை எந்தச் சுவரில் ஒட்டினாலும் மறுநாள் காலையில் வெறும் பசைத் தடம்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ஆடு அசை போட்டுக்கொண்டு நிற்கும்.

அந்தக் காகிதத்தை அச்சடித்தவன் நான். அந்தக் கிடங்கின் முதலாளி, மூட்டைகளில் ஒட்டும் சீட்டு அடிப்பதற்காகப் பழைய கை அச்சு ஒன்றை வாங்கி மூலை அறையில் போட்டிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் பழகியவன் என்று யாரோ என்னைப் பற்றிச் சொல்ல, தோலின் மயிர் உதிர ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் தோல் இழுத்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு அச்சுக்காரனாக்கினார். குழிக்கும் அச்சு அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி வந்த நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஊரில் ஒன்றிரண்டு பேர் நீங்க, வாங்க என்றுகூடச் சொன்னார்கள்.

என் கல்யாணமே அந்தச் சுவரால்தான் நடந்தது. என் மனைவியின் அப்பா ஆயுசு முழுவதும் குழியில் நின்றவர். சுண்ணாம்பு அவருடைய விரல் நுனிகளைத் தின்றுவிட்டது. சோற்றைப் பிசைந்தால் எரியும் என்று அவருக்கு இவள்தான் ஊட்டிவிடுவாள். பெண் பார்க்கப் போனபோது எல்லாரும் இருக்கும்போதே நேராகக் கேட்டாள்: "திரும்பக் குழியில எறங்க மாட்டேன்னு சொல்லு. கட்டிக்கிறேன். அந்த வாசனையோட என் வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது." மாட்டேன் என்று சொன்னேன். பைபிள்மேல் கையடித்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பேன்.

ஆகவே ஆடு தின்றது என் கண்ணுக்கு வெறும் காகிதமாகத் தெரியவில்லை. அச்சு உருப்படவில்லை என்று முதலாளி நினைத்தால் அடுத்த நாளே சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதுதான்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாராளமான மனிதர். நோன்புக் கஞ்சியைக் குழி ஆட்களுக்கும் கொடுத்தனுப்புவார். ஆனால் விளம்பரம் என்ற ஒன்று அவர் தலைக்கு ஏறிவிட்டது. மதராஸுக்குப் போய்வந்தபோது தகரத்திலும் துணியிலும் சோப்பு, சிகரெட்டு என்று எழுதித் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து தூக்கம் கெட்டார். அதோடு, லண்டன் கம்பெனிக்குத் தோல் வாங்கும் துரை ஒருவர் எங்கள் பக்கம் வரப்போகிறார் என்று சேதி. அவர் ரயிலிலிருந்து இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது நம்முடைய எழுத்தாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கனவு.

"இன்னாப்பா இது, பேஜாராப் போச்சே," என்றார். "ஆட்டுத் தோலை வச்சு நான் பொழைக்கிறேன். ஆடு என் பேரைத் தின்னு பொழைக்குதே!"

பசையில் மயில்துத்தம் கலந்து பார்த்தேன். வேப்பெண்ணெய் கலந்தேன். மிளகாய்த் தூளும் போட்டேன். மிளகாய் போட்ட அன்று ஆடுகள் சீக்கிரமே தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்பதுபோல் சுவரை நக்கிக்கொண்டிருந்தன. பிறகு காடாத் துணியில் அடித்துக் கட்டினோம். துணியை ஆடு தொடவில்லை, மனிதர்கள் தொட்டார்கள். கொஞ்ச நாளில் எங்கள் விளம்பரம் ஊரில் பல பேர் இடுப்பில் கோவணமாக இருந்தது. அதைப் படிக்கும்படி யாரைக் கேட்பது?

அப்போதுதான் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. "நம்ம தோலு மேலயே அடி. ஆடு ஆட்டுத் தோலைத் தின்னுமா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட நல்ல மெல்லிய ஆட்டுத் தோலாகப் பொறுக்கிக்கொண்டேன். அச்சுக்குக் காகிதத்தை நனைத்துப் போடுவது எங்கள் வழக்கம், நனைந்த காகிதம்தான் மையை நன்றாகப் பிடிக்கும். தோலும் அப்படித்தானே என்று நனைத்து, இரும்புப் பலகைக்குக் கீழே வைத்து இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து எடுத்தால் தோல் முழுக்கக் கறுப்பு. எழுத்து எது, இடைவெளி எது என்று தெரியாத கறுப்பு. பட்டையில் ஊறிய ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுத்துப்போகும் என்று பட்டைத் தொட்டியில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சுண்ணாம்புக் குழி ஆள், தோல் பட்டைக்குப் போவதற்கு முன்னாலேயே என் வேலை முடிந்துவிடும். அவர்களோ, அச்சு இரும்பால் ஆனது என்பதையே யோசிக்கவில்லை. மூலை அறைக்குள் அவர்கள் எட்டிப் பார்த்ததும் இல்லை.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். முதலாளி அந்தக் கறுத்த தோலை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. துடைத்துப் பார்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"போவவே மாட்டேங்குதே!" என்று குதித்தார். "இதுதான்டா மை! இரும்பையே மையாக்கு!"

அப்படித்தான் எங்கள் மை பிறந்தது. பழைய ஆணி, லாடம், உடைந்த பூட்டு எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, வெல்லமும் தண்ணீரும் ஊற்றிப் புளிக்கவிட்டோம். செருப்புத் தோலைக் கறுக்க வைக்க அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். தகரத்தில் எழுத்து எழுத்தாக வெட்டி எடுத்து, தகரத்தைத் தோல்மேல் வைத்து, தென்னை நார்த் தூரிகையால் அந்தத் துருத் தண்ணீரைத் தடவினேன். தொட்ட இடத்தில் தோல் தானாகக் கறுத்தது. மழைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. வாசகம் முதலாளியே சொன்னது: "முதல் தரத் தோல். கறை இல்லாதது. சொந்தப் பதனீடு." அதற்குக் கீழே கிடங்கின் பெயர்.

இதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் எவனாவது கழற்றிக்கொண்டுபோய்ச் செருப்புத் தைத்துக்கொள்வான். ஆகவே ஒரு ஆளின் முதுகில் போர்வைபோலக் கட்டி நடக்கவிடுவது என்று முடிவானது. ஆலங்காயத்திலிருந்து விறகு கொண்டுவரும் நெட்டையான ஆள் ஒருவனைப் பிடித்தோம். கடைத்தெரு பாதிகூடத் தாண்டவில்லை. மையில் வெல்லம் இருப்பதை நாங்கள் மறந்துவிட்டோம், ஆடுகள் மறக்கவில்லை. ஒன்று வந்து நக்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு தெருவில் இருந்த ஆடு எல்லாம் அவன் பின்னால். அவன் ஓடினான், அவை ஓடின. தோலைக் கழற்றி வீசிவிட்டு ஆலங்காயத்துக்கே போய்விட்டான். விறகுக்குக்கூட அப்புறம் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

மறுநாள் துரை வருகிறார். வேறு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுத்து உன்னுது," என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "நீ கட்டலைன்னா அச்சு எதுக்கு? மூடிடலாம். குழியில ஆள் கம்மியாதான் இருக்குது."

கட்டினேன். ஒரே சட்டை, கறை பட்டால் போகாது என்று கழற்றி மடித்து வைத்துவிட்டு வெற்று முதுகில் கட்டினேன். சித்திரை வெயில். ரயிலடிக்குப் போவதற்குள் வியர்வையில் தோல் முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெல்லத்தோடு உப்பும் சேர்ந்ததால் ஆடுகளுக்குக் கொண்டாட்டம். துரை ரயிலிலிருந்து கால் எடுத்து வைத்தபோது நான் நடைமேடையில் நிற்கிறேன், என் முதுகை ஏழெட்டு ஆடுகள் வரிசையாக நின்று நக்குகின்றன. அவமானத்தில் உயிர் போய்விட்டது. முதலாளி முகம் வெளுத்துவிட்டது.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் எப்படி ஆகிறது என்பதையும் ஒரே இடத்தில் காட்டிய வியாபாரியை இந்தியாவிலேயே பார்த்ததில்லை என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிடங்கின் குமாஸ்தா அதைத் தமிழில் சொல்ல, முதலாளி ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம் என்பதுபோலத் தலையாட்டினார்.

தோற்றிருந்தால் பிழைத்திருப்பேன். ஜெயித்து மாட்டிக்கொண்டேன். துரை ஊரில் இருக்கும்வரை தினமும் நான் அதைக் கட்டிக்கொண்டு அவர் போகும் இடமெல்லாம் நடக்க வேண்டும் என்று ஆனது. நான் முன்னால், ஆடுகள் பின்னால். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்கும் பின்னால். நீங்க, வாங்க என்றவர்கள் இப்போது என்னைக் கண்டால் ஆட்டைக் கூப்பிடுவதுபோல நாக்கைத் தட்டினார்கள். எழுத்து கறுப்பாகத் தெரிய வேண்டும் என்று காலையில் ஒரு தரம் துருத் தண்ணீரை மேலே தடவியும்விடுவார்கள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு அச்சுக்காரனாகத்தான் போவேன். ஊரே பார்த்ததை அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாளா? கேள்விப்பட்டிருந்தாள். நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

வார முடிவில் எண்ணெய் தேய்க்கச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாயா இது முதுகுல?"

"இன்னா?"

அவளும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்துக் கூட்டித் தெளிவாக வாசித்தாள்: "முதல் தரத் தோல். கறை இல்லாதது. சொந்தப் பதனீடு."

மெல்லிய தோல், தினம் தடவிய மை, என் வியர்வை. எல்லாம் ஊறி உள்ளே இறங்கி என் முதுகில் பதிந்துவிட்டது. சுவர்க் கண்ணாடியைக் கழற்றிப் பிடிக்கச் சொல்லித் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரிந்தது. ஈய எழுத்தை நாள் முழுக்க அப்படியே படிக்கிறவனுக்கு அதில் என்ன சிரமம்? ஒரு கொம்பு உடையவில்லை. ஒரு புள்ளி கலங்கவில்லை. நான் அடித்ததிலேயே சுத்தமான அச்சு அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளையும் சிரிக்கச் சொல்லித் திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அறுத்து வந்து முதுகில் வைத்துத் தேய்த்தாள். தோல் எரிந்ததே தவிர எழுத்து அவ்வளவாகப் போகவில்லை. தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாவுக்கு வெரலு போச்சு. முதுகு அவருதாத்தான் இருந்துச்சு."

பழம் சக்கையாகும்வரை தேய்த்தாள்.

காலையில் முதலாளியிடம் போனேன். துரையும் அங்கே நாற்காலி போட்டுத் தோல் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் கட்ட மாட்டேன் என்று சொல்லிச் சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றேன். பார்த்தால் மனசு இளகும் என்று நினைத்தேன்.

"யா அல்லா! துளிகூடக் கலையலியே!" என்றார் முதலாளி. பூரித்துப்போன குரல். "துரைக்குக் காட்டு, துரைக்குக் காட்டு."

துரை எழுந்து வந்தார். தோல் வாங்குகிறவர்கள் எந்தத் தோலைக் கண்டாலும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்ப்பார்கள், கை தானாகப் போகும். அவர் கை என் விலாப் பக்கம் போய், அங்கே இருந்த சதையைப் பிடித்து உருட்டியது. இன்னொரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுத் தரம் சொன்னார்: "செகண்ட்."

"நோ, நோ," என்றார் முதலாளி. நிஜமாகவே ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. "ஃபர்ஸ்ட்! நம்ம கிடங்குல செகண்ட் கிடையாது!"

விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாக இல்லை. இடுப்புப் பக்கம் ஒரு தழும்பு இருப்பதைத் துரை காட்டினார். அது சின்ன வயசுத் தழும்பு, தோலில் சேராது என்று முதலாளி வாதாடினார். குமாஸ்தா நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் நான் சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய், சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, குழியில் இறங்கினேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. பழைய ஆட்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அங்கே புரட்டிப் புரட்டி இழுத்ததெல்லாம் ஆட்டின் தோல். என்னுடையது என்மேல் இருந்தது. துரை போகும்வரைக்கும் அந்த எழுத்துத் தோலைப் பெரிய கிடா ஒன்றின் முதுகில் கட்டி நடத்தினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றபோதுதான் பயம் வந்தது. எவ்வளவு கழுவினாலும் சுண்ணாம்பு வாசனை போகாது. நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வாசற்படியை மிதிக்காமல் கீழேயே நின்று, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். விரல் நுனிகள் வெந்து சிவந்திருந்தன. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது, என் கண்ணும்தான்.

பிறகு வழிவிட்டு ஒதுங்கினாள்.

"கால் கழுவிக்கினு உள்ள வாயா," என்றாள். "கையால பெசையாத. நான் ஊட்டுறேன்."